கண்ணீர் வந்தால் போதுமா?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மார்கழி சத்சங்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை சத்சங்கம் முடிந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "சார், அந்தச் சாமியைப் பார்த்த உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்தான் குரு என்று மனசு சொல்கிறது. அதற்கு மேல் என்ன ஆராய வேண்டும்?" நல்ல கேள்வி. இன்றைக்கு அதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன்.

உள்ளுணர்வை நம் மரபு குறைவாக நினைத்ததில்லை. 1896-ல் மதுரையில், 16 வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. உடம்பு செத்தால் எது மிஞ்சும் என்று படுத்தபடியே தனக்குள் பார்த்தான். பெரியபுராணம் படித்திருந்தான், வேதாந்த நூல் எதுவும் படித்ததில்லை. அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. பிற்பாடு நூல்களைப் பார்த்தபோது, தாம் கண்டதைத்தான் அவை சொல்கின்றன என்று அறிந்துகொண்டார்.

அது அவருக்குள்ளே நடந்து, அவரையே மாற்றிய அனுபவம். இன்னொருவரைப் பார்த்து நமக்கு வரும் கண்ணீர் வேறு. அது நம் பக்திக்குச் சாட்சி. அவர் நடத்தைக்குச் சாட்சி ஆகாது. நல்ல பாட்டைக் கேட்டாலும் அதே கண்ணீர் வரும்.

அதனால்தான் சுருதி, யுக்தி, அனுபவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். முண்டக உபநிஷத்து குருவுக்கு இரண்டு தகுதி சொல்கிறது: சாஸ்திரம் கற்றிருக்க வேண்டும், பிரம்மத்தில் நிலைத்திருக்க வேண்டும். கீதை 2-ஆம் அத்தியாயத்தில், ஞானி எப்படிப் பேசுவான், உட்காருவான், நடப்பான் என்று அர்ஜுனன் கேட்கிறான். கண்ணன் கோபிக்கவில்லை, ஆசையும் பயமும் கோபமும் நீங்கியவன் என்று அடையாளம் சொல்கிறான்.

தட்சிணேசுவரத்தில் ஓர் இரவு, யோகின் என்ற இளம் சீடர் ராமகிருஷ்ணரின் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்தார். மனைவி சாரதா தேவியிடம் போயிருப்பாரோ என்று சந்தேகம். வெளியே நின்று கவனித்தார். ராமகிருஷ்ணர் வந்ததோ பஞ்சவடிப் பக்கமிருந்து. சீடர் கூசிப்போனார். குரு கோபிக்காமல், நீ செய்தது சரி, சாதுவைப் பகலிலும் பார்த்து இரவிலும் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்றார்.

நாமும் சிலவற்றைக் கவனிக்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்கிறாரா, எரிந்து விழுகிறாரா? காணிக்கைக்கு ரசீதும் கணக்கும் உண்டா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? வீட்டில் சொல்லாதே என்கிறாரா? பெண்களையோ குழந்தைகளையோ தனியறைக்கு அழைக்கிறாரா? சீடருக்கு ஒரு நியாயம், தமக்கு ஒரு நியாயமா? ரமணர் பந்தியில் மற்றவர்களுக்கு இல்லாத எதையும் தம் இலையில் வைக்கவிட்டதில்லை.

உண்மையான குருவுக்கு இந்தக் கேள்விகளால் ஒரு குறையும் வராது. ஃபிளாட் வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டோம்? மனசையே ஒப்படைக்கும் இடத்தில் அந்த நிதானம் வேண்டாமா?