கையுறையும் உறைபனியும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் விரிவுரையாளர் ஒருத்திக்கு இத்தகைய மேடையில் வழக்கமாகக் கொடுக்கப்படும் தலைப்பு ‘சங்க இலக்கியத்தில் பனிக்காலம்’ என்பதாக இருக்கும். நான் கேட்டுப் பெற்ற தலைப்போ, குளிரில் படமெடுப்போர் எத்தகைய கையுறையை அணிய வேண்டும் என்பது. சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. இருக்கட்டும். வருகின்ற தை மாதம் நம் வட்டத்தார் பதினால்வர் உதகைக்குச் சென்று உறைபனியைப் படமெடுக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அவர்களுள் அறுபது வயதைக் கடந்தோர் ஐவர். சர்க்கரை நோய் உள்ளோர் எத்தனை பேர் என்பது அவரவர்க்குத் தெரியும். சென்ற ஆண்டு இதே பயணத்தில் என் வலக்கை பட்ட பாட்டை உடன்வந்த இருவரே அறிவர். மற்றவர்க்கும் அதனைச் சொல்லாமல் இருப்பது தவறு என்று எண்ணியே இத்தலைப்பைக் கேட்டேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம், தொழில் விடாது. கையுறை என்றால் இன்று கைக்குப் போடும் உறை. அகப்பாடல்களில் அது தலைவன் தலைவிக்காகக் கையில் கொண்டுவரும் பரிசு, தழையோ பூவோ. குறுந்தொகையின் முதற்பாடலே தோழி கையுறை மறுத்த பாடல்தான். அவள் மறுக்கின்ற பூ காந்தள். மகளிர் விரலுக்குப் புலவர்கள் உவமையாக்கிய அதே பூ. ‘உறை’ என்னும் சொல்லும் ஒரு பொருளில் நிற்பதில்லை. தலையணைக்கு இடுவதும் உறை, பால் தயிராவதும் உறைதல், ஓரிடத்தில் தங்குவதும் உறைதல், புல்நுனியில் வெண்மையாய்ப் படிவதும் உறைபனி. குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் சொன்னார்கள். ஆகவே மலையும் குளிரும் கையுறையும் நமக்குப் பழைய உறவினர்கள்தாம்.

எனினும் கையுறை அணிவோரை மதிக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். என் தந்தையார் இந்தச் சரவணம்பட்டிச் சாலையில் லேத் பட்டறையில் நாற்பதாண்டு இரும்பு கடைந்தவர். சுழலும் உருளையில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஆகவே லேத்தில் நிற்பவர் கையுறை போடலாகாது என்பது அத்தொழிலின் விதி. அவர் அதற்கும் மேலே ஒன்று சொல்வார்: “உறை போட்ட கைக்கு இரும்பு பேசறது தெரியாது கண்ணு.” அந்தச் சொல்லை நான் குளிர்மலை வரை கொண்டுபோனதுதான் பிழை.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில், வானம் மேகமின்றித் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில், நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தயத் திடல் போன்ற தாழ்விடங்களில் உறைபனி மிகுதி. (ஊர் காந்தல், பூ காந்தள், ஈற்றெழுத்து வேறு. சொல்லாராய்ச்சிக்கு நான் இறங்க மாட்டேன்.) காற்றின் வெப்பநிலை சுழிக்கு மேல் இருக்கும்போதே புல்லின் நுனி சுழிக்குக் கீழே போயிருக்கும். நாம் முழங்காலிட்டுக் கேமராவை நீட்டுவது அந்தப் புல்லின் மட்டத்தில்தான்.

அன்று விடியலில் தலைகுந்தாவில் நான் அணிந்திருந்தது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தடித்த தோலுறை. விலை கூடியது, ஆகவே நல்லது என்று நம்பி வாங்கியது. பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. தந்தையார் சொல் நினைவுக்கு வந்தது. கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அரைமணி நேரம் வெறுங்கையால் உலோக முக்காலியைப் பற்றியும் பனி படிந்த புல்லை விலக்கியும் படமெடுத்தேன். விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு அவை என்னுடையவையாக இல்லை. சாலையோரம் சிலர் சுள்ளி கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தனர். நெடுநல்வாடையில் மழையாலும் குளிராலும் வருந்தும் கோவலர் கையில் கொள்ளி ஏந்தி நடுங்கி நிற்கும் காட்சியைப் பதினெட்டு ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். மகிழ்ச்சியோடு போய்க் கைகளை நீட்டினேன். சூடு உறைக்கவில்லை, இன்னும் நெருக்கினேன். உடன் வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் பார்த்தேன். மூன்று விரல்களில் கொப்புளம். ஐந்து வாரம் சுண்ணக்கட்டி பிடிக்க இயலவில்லை. தேர்வுத்தாள்களை இடக்கையால் திருத்தினேன். அந்த ஆண்டு மாணவர்க்கு மதிப்பெண் சற்றுத் தாராளமாகவே விழுந்தது.

மரத்த விரலுக்குச் சூட்டின் அளவு தெரியாது. சர்க்கரை நோயால் உணர்வு குறைந்த விரலுக்கு, மரக்காமலே தெரியாது. ஆகவே நெருப்பு வேண்டாம். சூடேற்றும் பொட்டலங்களை நேரே தோலில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். விரல்களை அக்குளில் செருகிக்கொள்ளுங்கள்; அல்லது, மரக்காத கையுடைய ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். தேய்க்காதீர்கள்.

இனித் தேர்வு. என் தவறு தோலுறையைக் கழற்றியது மட்டுமன்று. ஒரே உறை எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்ததே முதல் தவறு. படமெடுப்பவருக்கு இரண்டு உறைகள் வேண்டும். உள்ளே, விரலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி உறை; அது ஒருபோதும் கழற்றப்படாது. உலோகமும் மரமும் ஒரே குளிர்ச்சியில் இருந்தாலும் உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சும். அந்த மெல்லிய துணி இடையில் நின்றால் போதும், பெரும்பகுதி தடுக்கப்படும். அதன்மேல், நான்கு விரல்களும் ஒரே அறையில் கிடக்கும் பைபோன்ற உறை. மிட்டன் என்பார்கள். தனித்தனி விரலுறையைவிட இது வெப்பம் காக்கும். விரல்கள் ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்கின்றன. அதன் முன்பாதி மூடிபோல் மடங்கித் திறப்பதாக இருக்கட்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் மூடியிருங்கள். படமெடுக்கும் நொடியில் திறவுங்கள். விடியற்காலைப் படப்பிடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு காத்திருப்புதானே!

பருத்தியைப் பற்றிச் சொன்னால் திருப்பூர் நண்பர்கள் வருந்தக்கூடாது. பனியன் வேறு, பனி வேறு. உறைபனி கையில் பட்டு உருகும். நனைந்த பருத்தி கையைக் காப்பதற்கு மாறாகக் குளிர்விக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பம் தாங்கும். ஆயினும் மாற்று ஒரு சோடி பையில் இருக்கட்டும். இறுக்கமான உறையும் ஆகாது. குருதியோட்டம் தடைப்பட்டால் எத்தனை தடிமனும் பயனில்லை. கைப்பேசியில் எடுப்போர் கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் மின்கடத்தும் நூல் வைத்துப் பின்னியதைக் கேட்டு வாங்குங்கள். திரை விரலின் மின்தன்மையை உணர்ந்தே இயங்குவது; வெறுங்கம்பளிக்கு அது மசியாது.

கடையில் அழகு பார்க்காதீர்கள். உங்கள் கேமராவையே கொண்டுபோய், உறையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைப் பாதி அழுத்தி, சக்கரத்தைத் திருப்பி, மின்கலத்தை எடுத்து மாட்டிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அது உங்கள் உறை அன்று. மின்கலம் என்றதும் ஒன்று: குளிரில் அதன் ஆற்றல் குன்றும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் உடம்போடு வையுங்கள்.

உறையை மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் கட்டுவதுபோல் இருக்கிறதே என்று நாணாதீர்கள். 1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணாவின் உச்சியை எட்டிய பிரெஞ்சுக்காரர் மொரீஸ் எர்சோக், இறங்கும் வழியில் பையைத் திறக்கக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அவை சரிவில் உருண்டு மறைந்தன. மாற்றுக் காலுறை பையில் இருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. பிறகு விரல்களை இழந்தார். உதகை அன்னபூர்ணா அன்று, விரல் போகாது. ஆனால் எழுதும் கைக்கு ஐந்து வாரமும் சிறிதன்று.

பனியில் இருந்த கேமராவை அறைக்குள் கொண்டுவருமுன், வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டிவிடுங்கள். அறைவெப்பத்திற்கு வந்தபின் திறந்தால் வில்லையில் நீர் கோக்காது.

உதகைத் தாவரவியல் பூங்காச் சாலையில் திபெத்தியர் கம்பளி விற்கும் கடைகளில் நான் பிறகு வாங்கிய உள்ளுறைகள் நான்கு சோடி இந்த மேசைமேல் இருக்கின்றன. பயணம் வரும் மூத்தோர் நால்வருக்கு என் கையுறையாக, பழைய பொருளிலும் புதிய பொருளிலும், தருகிறேன். தோழி மறுத்தாள்; நீங்கள் மறுக்க வேண்டாம். ஐந்தாமவர் ஆசிரியர் ஐயா. அவர் கை பெரிது. அவருக்கு அளவு கிடைக்கவில்லை. விழா முடிந்ததும் ஒரு தாளில் கையை விரித்து வைத்து வரைந்து கொடுத்தால், மார்கழிக்குள் என் அம்மா பின்னித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.