நூறிலிருந்து ஏழு போனால்

இந்தப் பட்டமளிப்பு விழா மேடைக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மூளையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு வினாத்தாளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மக்ஹியூ மூவரும் ஒரு சின்னத் தேர்வை வெளியிட்டார்கள். மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் என்னென்ன என்று கேட்டுக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மறதி நோயோ என்று சந்தேகம் வந்தால் உலகம் முழுக்க முதலில் எடுக்கும் தாள்களில் அதுவும் ஒன்று. 24க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கும்.

அதில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வருவதற்கு 5 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத 1. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவருக்கு இந்த எட்டும் போனால் மிச்சம் 22. மூளையில் ஒரு குறையும் இல்லாமலே அவர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு பாட்டியை மகன் கூட்டிவந்தார். “ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லுது மேடம். புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு” என்றார். என் மாணவர் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இது என்ன மாசம் பாட்டி? “ஐப்பசி பொறந்து அஞ்சு நாளாச்சு.” தாளில் அக்டோபர் என்று இருந்தது, மாணவர் என் முகத்தைப் பார்த்தார். நூறு ரூபாயில் ஏழு ரூபா போனால்? பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன் போவுது? யாருக்குக் குடுத்தோம்?” கழித்தல் அத்துடன் நின்றது. பேனாவைக் கொடுத்தபோது வாங்கவே மறுத்துவிட்டார்.

மதிப்பெண் பரிதாபமாக வந்தது. நான் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். முதல் தடவை பதில் இல்லை. இடப்பக்கம் வந்து கேட்டேன். சீட்டுப் பிடிக்கிறாராம். இருபது பேர் சீட்டு. நோட்டு கிடையாது. இந்த மாதம் யார் எடுத்தது, என்ன தள்ளுபடிக்குப் போனது, யார் எத்தனை தவணை பாக்கி, எல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் மகன் ஒரு கணக்கைச் சொல்லப்போய், “அது போன மாசக் கணக்குடா” என்று வாங்கிக்கட்டிக்கொண்டார். பாட்டிக்கு வலது காது அநேகமாகக் கேட்கவில்லை. அதுதான் ஒண்ணு கேட்டால் ஒண்ணு சொன்னார். காதுக் கருவி எழுதிக்கொடுத்து அனுப்பினோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் இதே தேர்வில் 29 வாங்குவார்கள். துணைவியார் பின்னால் நின்றுகொண்டு, நேற்று வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார் என்று சைகை காட்டுவார். படிப்பு நோயை மறைக்கும். படிப்பின்மை இல்லாத நோயைக் காட்டும்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம் என்பதை நான் பி.ஏ. உளவியல் செய்முறை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பரிசோதனை. உளவியல் படித்தவர்கள் சிரிக்கிறீர்கள். ரெக்கார்டு நோட்டு இன்னும் வைத்திருப்பீர்கள். அந்த நட்சத்திரத்தைத்தான் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் பிரெண்டா மில்னர், ஹென்றி மொலாய்சன் என்ற நோயாளியிடம் கொடுத்தார். வலிப்புக்காக 1953இல் மொலாய்சனின் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்திருந்தார்கள். புதிதாக எதுவும் நினைவில் தங்காது. ஆனால் நாளுக்கு நாள் நட்சத்திரம் நேராக வந்தது, முன்பு வரைந்ததே அவருக்குத் தெரியாமல். வாயால் கேட்டால் ஒன்றும் கற்கவில்லை. கையால் கேட்டால் கற்றிருக்கிறார். நினைவு ஒன்றல்ல, பல என்பது இப்படித்தான் தெரியவந்தது.

சில கணக்குகள். 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய். பெண்களிடமும் கிராமங்களிலும் கூடுதல். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மாற்றினால் நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடிகிற 14 காரணங்களைச் சொன்னது. சிறுவயதில் படிப்பில்லாமை அதில் ஒன்று. காது கேளாமை இன்னொன்று. பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்ணுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். நோய் இருக்கிறதா என்று பார்க்கும் தேர்விலும் அவள்தான் தோற்கிறாள்.

ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது. உடனே பேரனை பிரெஞ்சு வகுப்பில் சேர்க்காதீர்கள்; சந்தையிலும் வீட்டிலுமாக வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழிகள் அவை. காரணம் எது என்ற விவாதமும் ஓயவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நம் நாட்டுக்கென்றே ஒரு தேர்வுத் தொகுப்பு செய்தது. முதலில் வந்தது ஐந்து மொழிகளில்: இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். பட்டியலை நீங்களே இன்னொரு தடவை மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள்.

நமக்கும் அப்படியொன்று செய்ய வேண்டுமென்றால் ஒரு கேள்வி: எழுபது வயது, கைநாட்டு, நோயில்லாத ஒரு கிராமத்துப் பாட்டி ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்வார்? அந்தச் சராசரி கையில் இருந்தால்தான் நோயுள்ளவரைப் பிரித்துச் சொல்ல முடியும். இதற்கு ஸ்கேன் வேண்டாம். உளவியல், மொழியியல், புள்ளியியல் மூன்று துறைகளும் ஒரே வேனில் ஏறிக் கிராமங்களுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். துணைவேந்தர் அவர்களே, வேனுக்கு டீசல் போடும் விஷயமாகச் சாப்பாட்டு மேஜையில் உங்கள் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். பட்டம் பெற்ற பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.