சி.ஆர்.பி. அளவும் தந்தையின் வயதும்



அண்மையில் சின்னமனூர் அன்பர் ஒருவர் பரிசோதனைச் சீட்டோடு தேனிக்கு வந்தார். "ஐயா, சி.ஆர்.பி. 4 என்று போட்டிருக்கிறது. என் தகப்பனார் மாரடைப்பில் இறந்தவர். எனக்கும் அதே வழிதானா?" என்றார். அக்கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் புரதம். 1930இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளரின் குருதியில் கண்டறியப்பட்டது. உடலில் எங்கேனும் அழற்சி தோன்றினால் இன்டர்லூகின்-6 என்னும் தூதுப்பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டுசெல்ல, இது பெருகும். பல் வேரில் சீழ் கட்டினாலும் பெருகும். இதய நோக்கில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் மிகுதி என்பர். 10ஐத் தாண்டினால் காய்ச்சலோ புண்ணோ ஆறியபின் மீண்டும் பார்ப்பதே முறை.

இனி மரபுக்கு வருவோம். சிலருக்கு சி.ஆர்.பி. மரபணுவில் உள்ள சிறு மாறுதலால் அப்புரதம் வாழ்நாள் முழுதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதுவே மாரடைப்பை விளைவிப்பதாயின், இவர்களுக்கு அந்நோய் மிகுந்திருக்க வேண்டுமன்றோ? பல்லாயிரம் பேரிடம் நிகழ்ந்து 2008 முதல் 2011 வரை வெளிவந்த ஆய்வுகள், அவ்வாறு மிகவில்லை என்றே காட்டின. சி.ஆர்.பி. புகை, நெருப்பு வேறிடத்தில் இருக்கிறது. எங்கே? இன்டர்லூகின்-6இன் செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் ஒரு மாறுதல் உடையோர்க்கு அழற்சியும் குறைவு, இதயத் தமனி நோயும் ஓரளவு குறைவு என்று 2012இல் வெளியாயிற்று. ஆகவே அழற்சியை அலட்சியம் செய்வதற்கும் இல்லை.

நம்மவர் நிலை என்ன? சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சி.ஆர்.பி. உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் இதய நோயோடும் தொடர்புற்றிருந்தது. பிரிட்டன்வாழ் இந்தியரிடம் அது வெள்ளையரைவிடக் கூடுதல் என 2001இல் கண்டனர். வயிற்றுப் பருமனையும் இன்சுலின் எதிர்ப்பையும் கணக்கில் கொண்டதும் அவ்வேற்றுமை மறைந்தது. பரம்பரை மீது நாம் சுமத்தும் பழியில் ஒரு பங்கு, உண்மையில் இடுப்புச் சுற்றளவுக்கு உரியது!

எனவே அந்த அன்பரின் இடுப்பை அளந்தேன். சர்க்கரை, கொலஸ்டிரால், இரத்த அழுத்தம் பார்த்தேன். பின்னர், தகப்பனாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று கேட்டேன். 48 என்றார். தந்தைக்கு 55க்கு முன் வந்திருப்பின் அது தனியே எண்ணத்தக்க ஆபத்து. எந்தச் சீட்டிலும் அது அச்சாகி வருவதில்லை, கேட்டால்தான் தெரியும். கொலஸ்டிராலும் மிகுந்திருந்தமையால் மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுமுறை வருகையில் தம்பியையும் உடன் அழைத்து வருமாறு சொல்லியனுப்பினேன்.