மந்தையோடு தங்கிய கேப்டன்
(ஜூபிலித் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. ஆகவே இன்று, குருவும் கேப்டனுமாயிருந்த ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் 1916-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எமில் கப்பான் சுவாமி.

1950 நவம்பரில், வட கொரியாவின் உன்சானில் சீனப் படை அவருடைய படைப்பிரிவைச் சூழ்ந்துகொண்டது. நடக்க முடிந்தவர்கள் தப்பிப் போக உத்தரவாயிற்று. சுவாமியோ காயப்பட்டவர்களோடு தங்கிவிட்டார். நாமாயிருந்தால் தங்கியிருப்போமா? குருப்பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகளாகியும், ஆம் என்று சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

கணுக்கால் முறிந்து கிடந்த சார்ஜண்ட் மில்லரின் தலைக்கு நேரே எதிரி ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். சுவாமி வெறுங்கையோடு நடந்து சென்று, அவனை ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிச் சுமந்தார்.

சிறைமுகாமில் கொடும் பட்டினி. சுவாமி நல்ல கள்வனை வேண்டிக்கொண்டு, காவலர்களின் தானியத்தைத் திருடிவந்து பகிர்ந்தளிப்பார். ஏழாம் கட்டளையைப் பிரசங்கிக்கிற நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. வயிற்றுப்போக்கில் கிடந்தோரின் துணிகளைத் துவைத்ததும் அவரே. 1951 மே 23-இல், 35-ஆம் வயதில், அங்கேயே மரித்தார்.

2013-இல் அமெரிக்காவின் உச்ச வீரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டபோது, முதியவராகிவிட்ட மில்லர் வந்திருந்தார். 2025-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார்.

சுவாமி இறந்தபின் அம்முகாமுக்குக் கைதியாய் வந்த யூத விமானி ஒருவர், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, விறகுக் கட்டையில் பாடுபட்ட சுரூபம் ஒன்றைச் செதுக்கினார். சுவாமியை அவர் கண்டதேயில்லை. 1953-இல் விடுதலையான கைதிகள் அதைத் தங்களோடு கொண்டுவந்தார்கள்.