கிணற்றுத் தண்ணீருக்குச் சான்று எழுதுவது யார்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரும்பாலையையும் ரயில்வேயையும் நம்பி டாட்டாநகருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாம். இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஜாதுகுடா இருக்கிறது. அங்கே சந்தால், ஹோ, முண்டா மக்கள் கிணற்றையும் அடிபம்பையும் நம்பி வாழ்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இன்று பேச்சு.

“சுவர்ணரேகா நம்மைத் தாண்டித்தானே அந்தப் பக்கம் போகிறது? அங்கே கலப்பது நம் குடத்துக்கு வராதே” என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். வராது, உண்மைதான். ஆனால் ஜாதுகுடாவில் 1967-இல் சுரங்க வேலை தொடங்கியது முதல் பல ஆண்டுகள் நம் நாட்டு யுரேனியம் இந்தச் சிங்பூம் மண்ணிலிருந்துதான் வந்தது. 1983-இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணு உலைக்கும் இதுதான் மூலப்பொருள். நம் சொந்த ஊரில் விளக்கு எரிய, இவர்கள் ஊரில் கசடு தேங்கியது. அப்படியிருக்க, நமக்குச் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது?

ஜாதுகுடாக் கல்லில் யுரேனியம் நூற்றுக்கு 0.065 பங்குதான். ஒரு டன் கல்லை அரைத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் முக்கால் கிலோகூடத் தேறாது. அது மஞ்சள் தூளாகி ஐதராபாத் போகிறது. மீதியில் பருமணல் சுரங்கக் குழிக்குத் திரும்பும். நைந்த சேறு சுண்ணாம்பு சேர்க்கப்பட்டுக் குழாய் வழியே கசடுக் குளத்துக்குப் போகும். யுரேனியத்தை எடுத்ததும் ஆபத்தும் போய்விடுவதில்லை. கல்லிலிருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் கசட்டிலேயே தங்குகிறது. அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் எந்தச் சர்க்கார் காவல் நிற்கும்?

2006 டிசம்பரில் அந்தக் குழாய் வெடித்தது. கசடு பல மணி நேரம் ஓடையில் பாய்ந்தது. அதைக் கண்டு சொன்னவர்கள் ஊர் மக்களே. அளவுகள் வரம்புக்குள்தான் என்று யுரேனியக் கழகமும் அணுசக்தித் துறையும் சொல்கின்றன. சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் பிறவி ஊனம் கூடுதல் என்று அமைதிக்கான இந்திய மருத்துவர்கள் அமைப்பு தன் ஆய்வில் சொன்னது. 2004-இல் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2014-இல் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது.

தோழர்களே, சரக்கை அனுப்புகிறவரே எடை போட்டு, அவரே ரசீதும் எழுதிக்கொண்டால் நம் பார்சல் ஆபீசில் ஒப்புக்கொள்வோமா? கசட்டைத் தேக்குவதும், தண்ணீரை அளப்பதும், சான்று தருவதும் ஒரே துறையின் கையில் இருக்கலாமா?

யுரேனியம் கலந்த தண்ணீரை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் அளவுதான் கூடும். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை அனுமதித்தது. ஆனால் தன் கிணற்றில் எவ்வளவு என்று அந்த ஊர்த் தாய்க்குத் தெரியாவிட்டால் இந்த எண்களால் அவளுக்கு என்ன பயன்?

சுரங்கத்தால் சோறு தின்னும் குடும்பங்களும் உண்டு. வேலையா தண்ணீரா என்று அவர்களை மோதவிடுகிற பேச்சுக்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. இரண்டும் அவர்கள் உரிமை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. கசடுக் குளங்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கிணற்றையும் மழைக்கு முன்னும் பின்னும், அணுசக்தித் துறையைச் சாராத ஆய்வகம் சோதிக்க வேண்டும். முடிவை சந்தாலியிலும் ஹோவிலும் இந்தியிலும் கிணற்றடியிலேயே எழுதி வைக்க வேண்டும். வரம்பு மீறிய கிணறு உள்ள ஊருக்கு உடனே குழாய்த் தண்ணீர் தர வேண்டும்.

நம் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக நாம் வாய் மூடி இருக்கலாகாது. மனு தயாராக மேஜையில் இருக்கிறது. கையெழுத்திட்டுச் செல்லுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் உடன் வாருங்கள்.