ஊர்க் கூட்டத்துக்குப் போவோம்

 

இன்று நாம் குடியிருக்கும் வைப்பின் தீவைப் பற்றிப் பேசப் போகிறேன். நம்மில் சிலர் இங்கேயே பிறந்தவர்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மீன் துறையில் வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை என்று வந்தோம். எப்படி வந்தாலும், இருக்கிற ஊர் நம் ஊர்தான்.

வைப்பின் சுமார் 25 கிலோமீட்டர் நீளம். அகலம் மிகக் குறைவு. மேற்கே அரபிக்கடல். கிழக்கே காயல். தெற்கே கொச்சி அழிமுகம். வடக்கே முனம்பம். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெரிய வெள்ளம் வந்தது என்று சொல்கிறார்கள். ஆறும் கடலும் மண்ணைக் கொண்டுவந்து வைத்த இடம் இது. அதனால்தான் வைப்பு, வைப்பின் என்று பெயர். அந்த ஆண்டிலிருந்து 'புதுவைப்பு' என்று ஆண்டுக் கணக்கே தொடங்கினார்கள்.

சுற்றிலும் தண்ணீர். ஆனால் குடிக்கத் தண்ணீர்? கிணற்றில் உப்பு. நல்ல தண்ணீர் அக்கரையிலிருந்து குழாயில் வரவேண்டும். குழாய் வறண்டால் குடம் தூக்கி நிற்பது யார்? பெண்கள்தான். வேலைக்குப் போகும் நேரம் குழாயடியில் போகிறது. கூலியும் போகிறது.

போக்குவரத்தும் அப்படித்தான் இருந்தது. எறணாகுளம் நகரம் கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் நேரே போகப் படகுதான் வழி. வடக்கே பறவூர் வழியாகச் சாலை உண்டு. அது பெரிய சுற்று. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? பிரசவ வலி எடுத்தால் எங்கே ஓடுவது? தீவு மக்கள் பாலம் கேட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் கேட்கவில்லை. பல காலம் கேட்டார்கள். 1994-இல் கோஸ்ரீ தீவு வளர்ச்சி ஆணையம் அமைந்தது. காயலில் ஒரு பகுதியை நிரப்பி, அந்த நிலத்தை விற்று, பணம் திரட்டினார்கள். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தன. அக்கரை பக்கமாயிற்று.

அதோடு முடிந்ததா? இல்லை. நம் தீவின் தனியார் பஸ்கள் பல ஆண்டுகள் ஹைகோர்ட் ஜங்ஷனோடு நின்றுவிட்டன. நகரத்துக்குள் போக அனுமதி இல்லாமல் இருந்தது. அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு டிக்கெட், இரண்டு செலவு. அதையும் மக்கள் விடாமல் கேட்டார்கள். ஒன்று கிடைத்தாலும் அடுத்ததைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எங்கே கேட்பது? யாரிடம் கேட்பது?

இந்தத் தீவில் ஆறு கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. எளங்குன்னப்புழை, ஞாறக்கல், நாயரம்பலம், எடவனக்காடு, குழுப்பிள்ளி, பள்ளிப்புறம். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற பேதம் கிடையாது. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்துச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட வேண்டும். நூறு வாக்காளருக்குப் பத்துப் பேராவது வரவேண்டும்.

வீடு யாருக்கு முதலில் வேண்டும்? தெருவிளக்கு எங்கே வேண்டும்? குழாய் எங்கே வேண்டும்? இதையெல்லாம் அங்கே பேசலாம். வரவு செலவுக் கணக்கும் கேட்கலாம். கடல் சுவர் கட்டுவது, பாலம் கட்டுவது பெரிய வேலை. அது மாநில அரசின் வேலை. ஆனால் 'எங்களுக்கு இது வேண்டும்' என்று தீர்மானம் போட்டு அனுப்பச் சபையால் முடியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எடவனக்காட்டில் உயிர்களைக் கொண்டுபோனது. கடலோரத்தில் குடியிருக்கும் நாம் வாய் மூடி இருக்கலாமா?

பிலிப்பைன்ஸ் என்ற நாட்டில் 7,000-க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. அங்கே மிகச் சிறிய ஊராட்சிக்குப் 'பரங்காய்' என்று பெயர். பழங்காலப் படகின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அங்கேயும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஊர்க் கூட்டம் நடக்க வேண்டும். 15 வயது ஆனவர்களும் உட்காரலாம். தீவு எங்கே இருந்தாலும் ஊர் கூடித்தான் படகு தள்ள வேண்டும்.

இந்தத் தீவில் ஒன்றாக உட்காருவது ஒரு காலத்தில் சுலபமாக இல்லை. 1917-இல் செறாயில் சகோதரன் அய்யப்பன் பல சாதியாரையும் சேர்த்து உட்காரவைத்துச் சோறு போட்டார். அதற்காக அவரை ஏசினார்கள். இன்று கிராம சபையில் எல்லோரும் ஒன்றாக உட்காரச் சட்டமே வழி செய்திருக்கிறது. அந்த இடத்தை நாம் காலியாக விடலாமா?

நான் உங்களைவிட வயதில் சின்னப் பிள்ளை. ஆனாலும் மூன்று காரியம் சொல்கிறேன். ஒன்று, உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். இரண்டு, கிராம சபை நோட்டீஸைப் பாருங்கள். அது மலையாளத்தில் இருக்கும். தேதியும் நேரமும் உங்களுக்கே படிக்க வரும். மீதியைப் பக்கத்து வீட்டு சேச்சியிடம் கேளுங்கள். மூன்று, கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எறணாகுளம் மாவட்டம் 1990-இல் இந்தியாவிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் எடுத்தது. அந்த மாவட்டத்தில் நீங்களும் எழுத்துக் கற்றிருக்கிறீர்கள். சபையில் வருகைப் புத்தகத்தை நீட்டுவார்கள். கட்டைவிரலை நீட்டாதீர்கள். பேனாவை வாங்குங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும்?"