பிழையும் மாற்றமும்



அரசு அலுவலகங்களும் வங்கிகளும் தம் பல பதிவேடுகளிலுள்ள செய்திகளைத் திரட்டி, கணினியில் ஓரிடத்தே சேர்த்து வைக்கின்றன. இதனைத் தரவுக் கிடங்கு என்பர். அதில் இரண்டு இடர்கள் நேர்வதுண்டு. மூலப் பதிவே பிழையாக இருப்பது ஒன்று. பதிவு சரியாகவே இருக்க, உலகம் மாறிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும்.

முதலில் பிழையை நோக்குவோம். லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். அவ்வளவையின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வுக்கூடத்தையே ஆதாரமாகக் கொண்டவை. அக்கூடத்திற்குக் கொண்ட மதிப்போ, உண்மையினும் 2 கலை 27 விகலை மிகுதி என்பது பின்னர்த் தந்தியின் துணையால் தெளிவாயிற்று. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பழைய எண்ணை எடுத்து இன்றைய வரைபடத்தில் குறித்தால், அம்மீனவர் ஊர் நான்கு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, கடலுக்குள் போய்விடும்! அளவையாளர் என் செய்தனர்? ஓரூரை மட்டும் திருத்தினால் ஊர்களுக்கிடையேயுள்ள தொலைவு கெடும். ஆதலின், எல்லாவற்றிலும் இத்துணை கழிக்க என வரைபடத்தின் விளிம்பில் குறிப்பு அச்சிட்டனர். பிழை எங்குப் பிறந்ததோ அங்கே கண்டு, ஒரே சீராகத் திருத்தி, திருத்தியதையும் எழுதி வைப்பதே நெறி. கிடங்கில் மட்டும் திருத்திவிட்டு மூல அலுவலகத்திற்கு அறிவிக்காவிடில், நாளை அதே பிழை மீண்டும் வந்து சேரும்.

இனி, மாற்றம். 1960ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் 'சென்னை மாநிலம்' என்றிருந்தால் அது பிழையன்று. 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969இல் வந்தது. பழைய பத்திரத்தைத் திருத்த முனைவது வரலாற்றை அழிப்பதாகும்.

இதனால் மனிதர்க்கு நேரும் தீங்கு யாது? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிற்று. அன்று இக்குப்பத்தில் வாழ்ந்த குடும்பம் ஒன்று, 2007 ஜூலை முதல் நாள் செம்மஞ்சேரிக்குக் குடிபெயர்ந்ததாக வைத்துக்கொள்வோம். எழுத்தர் பழைய முகவரியை அழித்துப் புதியதை எழுதிவிட்டார். பின்னொரு நாள், பேரலையின்போது குப்பத்தில் இருந்தோர் யாவர் என்று கிடங்கைக் கேட்டால், அக்குடும்பம் பட்டியலில் இராது. உரியவர் உதவி இழப்பர். பொய் சொன்னவர் என்ற பழியும் சுமப்பர்.

இதற்கு வழி எளிது. பழைய வரியை அழியாது, '2007 ஜூன் 30 வரை' என முடிவு நாள் இடுக. அதன் கீழ், 'ஜூலை 1 முதல்' எனப் புதுவரி எழுதுக. குடும்பத்தின் எண் இரண்டிலும் ஒன்றே. வரியின் எண் மட்டும் வேறு. இத்துறை அறிஞர் ரால்ஃப் கிம்பல் அழித்தெழுதுவதை முதல் வகை என்றும், புதுவரி சேர்ப்பதை இரண்டாம் வகை என்றும் பிரித்தார். எழுத்துப்பிழைக்கு முதல் வகை தகும். வாழ்வின் மாற்றத்திற்கு இரண்டாவதே தகும். செய்தி நிகழ்ந்த நாளோடு, அது நமக்குத் தெரியவந்த நாளையும் குறித்தல் இன்னும் நன்று.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் திருத்தம் செய்யும்போது, பழைய எழுத்து தெரியும்படி ஒரு கோடிட்டு, சரியானதை எழுதி, தேதியுடன் தலைமையாசிரியர் கையொப்பமிடுவது வழக்கம். சுரண்டி அழிக்க இசைவில்லை. கணினி வந்த பின்னும் அந்த ஒழுக்கம் மாறவில்லை.

மாணவர்களே, நாளை உங்களுள் பலர் இத்தகைய கிடங்குகளைக் காப்பீர்கள். ஒரு பதிவை மாற்றுமுன், 'இது அன்றே தவறா, இன்று மாறியதா?' என்று வினவுங்கள். அவ்வினாவின் விடையில் ஒரு குடும்பத்தின் உரிமை அடங்கியிருக்கக்கூடும்.